டெரிக்கின் முப்பத்திரண்டு பார்கள்

இந்த நாட்டுக்காரர்கள் பாட்டு முடியும்வரை கைதட்டக் காத்திருப்பதில்லை. கிழக்கு லண்டனில் ஒரு மீன்கடைக்கும் ஒரு சலவைக்கடைக்கும் நடுவே இருக்கும் பப் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் நான் பியானோ வாசிக்கிறேன். முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்போம். பிறகு ஒவ்வொருவராகத் தனியே வாசிக்க வேண்டும், அதுவும் அந்த நிமிஷத்தில் மனதில் தோன்றுவதை. அதற்குப் பெயர்தான் ஜாஸ். என் முறை முடிந்த உடனே, மெட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தட்டிவிடுவார்கள். முதல் தடவை நான் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். பெரிய தப்பு ஏதோ நடந்துவிட்டது, நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். தாம்பரத்தில் எங்கள் சர்ச்சில் பன்னிரண்டு வயதிலிருந்து ஆர்கன் மிதித்தவன் நான். அங்கே யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை. ஒழுங்காக வாசித்தால் எங்கள் போதகர் ஐயர் அடுத்த ஜெபத்துக்குப் போவார், தப்பாக வாசித்தால் இருமுவார். எனக்குத் தெரிந்த விமர்சனம் அவ்வளவுதான்.

எங்களோடு பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் கென் பகலில் குழாய் ரிப்பேர் செய்பவன், நல்ல மனுஷன். ஒருநாள் தொலைக்காட்சியில் சிதார்க் கச்சேரி பார்த்துவிட்டு வந்தவன், "உனக்கென்ன சாம், உங்கள் ஊரில் காகிதமே இல்லாமல் மணிக்கணக்காக வாசிக்கிறார்கள். உனக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது" என்றான். நான் சிதாரைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை, ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன், எங்கள் வீட்டில் எழுதின காகிதம் இல்லாமல் யாரும் பாட வாயைத் திறக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவன் பீர் ஊற்றும் பெண்ணிடம் திரும்பி, இந்தியர்களுக்குத்தான் எவ்வளவு அடக்கம் என்று மெச்சினான். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார். பதினாலு வருஷமாக இந்த ஊரில் நான் ஒரு பார்கூடச் சொந்தமாக வாசித்ததில்லை. அவர்கள் கைதட்டுகிற முப்பத்திரண்டு பார்களும் வேறொருவனுடையவை. அவனிடமிருந்து அவற்றை எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதை ஊரில் இருக்கிறவர்களும், என்னைப்போல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்க வேண்டிய ஆள் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவன் இல்லை.

அவன் பெயர் டெரிக். தாம்பரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன், அதாவது விழுப்புரம் பாசஞ்சரில் நின்றுகொண்டு எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். ஆங்கிலோ இந்தியன், ஊரில் சட்டைக்காரர்கள் என்போம். ரயில்வே காலனியில் அம்மாவோடு குடியிருந்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன், அவ்வளவே. சனிக்கிழமைதோறும் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில், அதாவது ஊழியர்கள் கிளப்பில், நடக்கும் டான்ஸில் அவன்தான் பியானோ. நகக்கண்ணில் கரி போகாத விரல்கள் வெள்ளைக் கட்டைகளின் மேல் ஓடுவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். கல்கத்தாவிலிருந்து வந்த ரெக்கார்டு பார்சலை வாங்க என் பார்சல் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தபோதுதான் பழக்கம்.

"நீதான் அந்த சர்ச்ல ஆர்கன் மிதிக்கிறவனா மேன்?" என்றான், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "பாதிரி மாதிரியே கீற. சாய்ந்தரம் இன்ஸ்டிடியூட்டு வா. உனுக்கு நெஜப் பாட்டு இன்னான்னு காட்றேன்."

அன்றிலிருந்து எனக்குப் பெயர் பாதிரி.

எங்கள் ஆட்களுக்கு இசை என்றால் சோல்ஃபா. டோ ரே மீயை ஆங்கில எழுத்தாலும் புள்ளியாலும் கோட்டாலும் வரிவரியாக எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலும் பாடும். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரான என் அப்பாதான் சர்ச் பாடகர் குழுவான கொயரை நடத்தினார். எழுதாத ஸ்வரத்தைப் பாடுவது அவருக்குப் பாவத்தில் சேர்த்தி. டெரிக்குக்கோ இசையை எந்த எழுத்திலும் படிக்கத் தெரியாது. கார்டு என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது. முதல் நாள் அவன் ஸி கார்டு வை என்றதும், நாலு குரலுக்கும் இடம் பிரித்து மரியாதையாக வைத்தேன். என் மணிக்கட்டைத் தட்டிவிட்டான்.

"இன்னாத்துக்கு மேன் இத்தினி பேரு? சாவு ஊர்வலமா? அடியில கீறவன வெரட்டு, அத்த பாஸ்காரன் பாத்துப்பான். அஞ்சாவது ஆளும் வாணாம். மூணும் ஏழும் போதும். ரெண்டே வெரலு."

சோல்ஃபாவில் மூன்றாவதான மீயும் ஏழாவதான டீயும் மட்டும். நம்பாமல்தான் வைத்தேன். பிறகு டி மைனர் செவன்த்துக்கு வைத்த அதே இரண்டு விரலில் ஒன்றை மட்டும் அரைக்கட்டை கீழே இறக்கு என்றான். இறக்கினேன். ஜி செவன்த் வந்துவிட்டது. ஆர்கனில் கையும் காலும் அடித்துக்கொண்டு போய்ச் சேரும் இடத்துக்கு ஒற்றை விரல் நகர்ந்து போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் வீட்டைத் தாண்டியதுகூடத் தெரியாமல் சிட்லபாக்கம் ஏரிவரை நடந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இனிமேல் வருவதில் சந்தோஷம் குறைவு.

இடது கை இப்படிப் படிந்துவிட்டது. வலது கைதான் வரவில்லை. கார்டு ஓடும்போது அதன்மேல் நீயே ஒரு மெட்டைக் கட்டு என்பான். எதை வைத்துக் கட்டுவது? எழுதிக் கொடுத்தால் நான் எதையும் வாசிப்பேன். "இத்த எழுத முடியாது மேன். ஒரு தபா வந்தது இன்னொரு தபா வராது. மண்டைல வருது, கைல எறங்குது, காத்துல பூடுது. போன சனிக்கெழம வாசிச்சது எனுக்கே தெரியாது" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வான். அவன் கட்டிக்கொள்வதாக இருந்த டோரீன் என்ற பெண் அதைக் கேட்டுக் கண் விரிய நிற்பாள். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க நேரத்தில், ஆர்கன் பெஞ்சில் ஐயருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, முந்தின நாள் அவன் வாசித்ததை ஞாபகத்திலிருந்து சோல்ஃபாவில் எழுதுவேன். திருட்டு என்று அப்போது நினைக்கவில்லை. கற்றுக்கொள்ள எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சர்ச் பாட்டுகளில் வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற கோணல் ஸ்வரங்கள் அவன் பக்கங்களில் வரிக்கு நாலு இருந்தன.

ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை டெரிக் என்னைப் பியானோவில் உட்காரவைத்துவிட்டு டிரம் பக்கமாகப் போய் நின்றான். கார்டு மட்டும் வாசி, போதும் என்றுதான் சொல்லியிருந்தான். மெட்டு பாதி போகும்போது கையைத் தூக்கி மொத்த பாண்டையும் நிறுத்திவிட்டான். டிரம் இல்லை, பாஸ் இல்லை, சாக்ஸபோன் இல்லை. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் அத்தனையும் நின்று என்னைப் பார்த்தன. "வாசி மேன் பாதிரி, வாசி!" என்று கத்தினான். என் தலைக்குள் ஒன்றுமே இல்லை. கை அதற்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. எஃப் கார்டை நாலு குரலுக்கும் பிரித்து வைத்து, நிதானமாக ஸி கார்டுக்கு இறங்கியது. ஒவ்வொரு ஞானப்பாட்டின் முடிவிலும் நாங்கள் பாடுகிற ஆமென் அது.

பிறகு ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள். டெரிக் முழங்காலில் நின்று கைகூப்பி "ஆமென்" என்று இழுத்தான். ஹால் முழுவதும் "ஆமென்" என்றது. டோரீன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். திங்கட்கிழமை ஒரு பாயின்ட்ஸ்மேன் பார்சல் ஜன்னலில் தலையை நீட்டி "ஆமென்" என்றுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு போர்ட்டர்கள்கூட மூட்டையை இறக்கிவைக்கும்போது சொன்னார்கள். மூன்று மாதம் நடந்தது இது. அப்பா காதுக்கும் எட்டி, அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் டெரிக்கோடு சிரித்துக்கொண்டே பழகினேன். அவன் கை எஞ்சின் கதவில் நசுங்க வேண்டும் என்று சர்ச்சில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். பலமுறை, மனசார வேண்டிக்கொண்டேன்.

கை நசுங்கவில்லை. வேறொன்று கிடைத்தது. அந்த மூன்று மாதமும் நோட்டில் எழுதுவதை நான் விடவில்லை. ஒரு ஞாயிறு, பிரசங்கம் நீண்டுகொண்டே போனதால் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அவனுக்கு மிகவும் பேர் வாங்கிக் கொடுத்த மெட்டு ஒன்று உண்டு, முப்பத்திரண்டு பார்கள் கொண்டது. அதன்மேல் அவன் தனியாக வாசித்ததை ஆகஸ்டில் ஒருமுறையும் நவம்பரில் ஒருமுறையும் எழுதியிருந்தேன். இரண்டும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒன்றாக இருந்தன. மற்ற மெட்டுகளையும் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். காற்றில் போகிறது என்றானே, ஒன்றும் போகவில்லை. பகலில் ஆளில்லாத இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து கட்டி, மனப்பாடம் செய்து, அந்த நிமிஷம் தோன்றியது மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்திருக்கிறான். எழுதி வைக்கிற ஆள் அங்கே நான் ஒருவன்தான் என்பதால், இது தெரிந்தவனும் நான் ஒருவன்தான். பாதிப் பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை என்று இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது தெரியாது. டெரிக்குக்கும் தெரியாது. எனக்கு அன்று வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

டிசம்பரில் பம்பாயிலிருந்து பின்டோ என்று ஒரு பாண்டு மாஸ்டர் வந்தார். லண்டன் போகும் கப்பலில் வாசிக்க அவருக்கு ஒரு பியானோக்காரன் தேவைப்பட்டான். மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் ஆட்களை வாசிக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்தில் லண்டனில் இறங்கினவன் இறங்கினவன்தான், யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். டெரிக் ஷெட்டில் எல்லாரிடமும் விடைபெறவே ஆரம்பித்திருந்தான். வேலை கிடைத்த கையோடு கல்யாணம் என்று டோரீன் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். துணைக்கு என்னைக் கூப்பிட்டான். எலெக்ட்ரிக் ரயில் மீனம்பாக்கம் தாண்டும்போது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"நீயும் பேரு குடு மேன் பாதிரி. எனுக்கு முன்னால போய் உன் ஆமென வாசி. அத்த கேட்டு அந்தாளு காது நொந்து பூடும். அப்பால நான் போறேன். அவனுக்கு சொர்க்கம் மாதிரி இருக்கும்."

அவன் முகத்தில் கபடம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம் என்றுதான் நினைத்தான்.

"சரி டெரிக், உனக்காக செய்றேன்" என்றேன்.

உள்ளே பின்டோவோடு ஒரு பாஸ்காரரும் ஒரு டிரம்காரரும் இருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது, டெரிக் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்ன வாசிக்கிறாய் என்று கேட்டதும் அவனுடைய மெட்டின் பெயரைச் சொன்னேன். பிறகு அவனுடைய முப்பத்திரண்டு பார்களையும் வாசித்தேன். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. கொயரில் வளர்ந்தவனுக்கு மனப்பாடம் ஒரு கஷ்டமா? எந்த இடத்தில் அவன் முகத்தைச் சுளிப்பானோ அந்த இடத்தில் நானும் சுளித்தேன்.

பின்டோ எழுந்து வந்து, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கதவிடுக்கில் டெரிக்கின் பாலிஷ் போட்ட ஷூ தெரிந்தது. யாரும் இல்லை சார், இப்போது தோன்றியதுதான் என்றேன்.

டெரிக் உள்ளே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அது என்னுடையது, இவன் திருடிவிட்டான் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால், வாராவாரம் ஒன்றையேதான் வாசித்தேன் என்பதையும் கூடவே ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பின்டோ அதே மெட்டை வாசிக்கச் சொன்னார், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்றார். முதல் எட்டு பார்களில் டெரிக் ஏதேதோ தேடினான். ஒன்பதாவதில் கை பழைய தடத்துக்கே போய்விட்டது. போனது தெரிந்ததும் வெடுக்கென்று விலக்கினான். விலக்கிய பிறகு வைக்க இடமில்லை. பின்டோ பாதியில் நிறுத்தச் சொன்னார். "உன் நண்பன் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறாய். தப்பில்லை. இனிமேல் கொஞ்சம் சொந்தமாக யோசி" என்று அவன் தோளில் தட்டினார்.

திரும்பும் ரயிலில் பல்லாவரம்வரை டெரிக் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "எப்ப மேன் எழுதின?" என்று கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை. பிரசங்கத்தப்போ."

தலையை ஆட்டிக்கொண்டான். "நல்லா வாசிச்ச" என்றான். தாம்பரத்தில் இறங்கி ஷெட் பக்கமாகப் போய்விட்டான். நான் வீட்டுக்குப் போய் வேலை கிடைத்ததைச் சொல்லி, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கப்பலிலிருந்து லண்டனில் இறங்கிய அடுத்த வருஷமே இந்த நாட்டுச் சட்டம் மாறி, அரசாங்கம் தரும் வேலைச் சீட்டான வவுச்சர் இல்லாதவனுக்கு உள்ளே வர வழி இல்லை என்றாகிவிட்டது. டோரீன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டாள் என்று என் அம்மா கடிதத்தில் எழுதினார், டெரிக் போகவில்லை என்றும் எழுதினார். படித்துவிட்டு, அப்போது பார்த்துக்கொண்டிருந்த தபால் பிரிக்கிற வேலைக்குப் போனேன். அறை காலி என்று பலகை தொங்கிய வீடுகளில் என் முகத்தைப் பார்த்ததும் காலி இல்லை என்ற காலம் அது. கூட இருந்த நம் ஆட்களுக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்ததில்லை. நான் இன்னொருவன் இடத்தில் வந்து நிற்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் ஒவ்வொரு வாசலிலும் திடுக்கிட்டேன். இங்கே வந்து கஷ்டப்பட்டேன் என்று பெருமையாக எழுதும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு அந்தப் பெருமைக்கு வழியில்லை.

போன வருஷம் அம்மா இறந்ததற்கு ஊருக்குப் போனேன். காரியங்கள் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்டிடியூட்டுக்கு நடந்தேன். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் வயல்களில் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். காலனியில் சட்டைக்காரக் குடும்பங்கள் பாதிக்குமேல் காலி. டான்ஸ் நின்றுபோய் இப்போது ஹவுஸி ஆட்டம்தான், எண்களைக் கூப்பிட்டால் சீட்டில் அடித்துக்கொள்ளும் ஆட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் அரைமணி நேரம் டெரிக் வாசிப்பானாம்.

வெளியே நின்று கேட்டேன். அவன்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் மனதுக்குள் சோல்ஃபா எழுதிப் பார்த்தேன். நாலு பார்களுக்குமேல் பின்தொடர முடியவில்லை. அதே மெட்டின் அடுத்த சுற்று முற்றிலும் வேறாக இருந்தது, அதற்கடுத்தது அதற்கும் வேறாக இருந்தது. வாசலில் பழைய சாக்ஸபோன்காரர் பெர்சி என்னை அடையாளம் கண்டுகொண்டார். இப்போது ஹவுஸி எண்களைக் கூப்பிடுகிறவர் அவர்தான்.

"நீ போனப்பறம் ரெண்டு வருஷம் அவன் பியானோ மூடியத் தொறக்கல" என்றார். "அப்பால தொறந்தான். அதுலேர்ந்து ஒரு தபா வாசிச்சத மறுக்கா வாசிக்க மாட்டான். கேட்டாலும் மாட்டான்."

உள்ளே இருபது பேர் இருப்பார்கள், எல்லாரும் வயதானவர்கள். நான் பியானோ அருகே போய் நின்றேன். டெரிக் தலை நரைத்து, எஞ்சின் டிரைவர் ஆகியிருந்தான்.

"டெரிக், அன்னைக்கு பின்டோகிட்ட நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"எவன் மேன் பின்டோ?" என்றான். பெஞ்சில் இடது பக்கமாக நகர்ந்து பாதி இடம் விட்டான். "குந்து. லண்டன்ல இன்னா வாசிக்கிறன்னு கேக்கலாம்."

அவன் இடது கைப் பக்கம் கார்டுகளை எடுத்துக்கொண்டான், எனக்கு வலது பக்கம். என்னிடம் இருந்தது அந்த முப்பத்திரண்டு பார்கள்தான். இரண்டு பார்கள் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் ஸி இருக்க வேண்டிய இடத்தில் அவன் எஃப் ஷார்ப் வைத்தான். என் ஸ்வரம் அதன்மேல் அபஸ்வரமாக விழுந்தது. அடுத்ததிலும் மாற்றினான், அதற்கடுத்ததிலும் மாற்றினான். தப்பாக வாசிக்கவில்லை அவன். அந்தப் புதுக் கார்டுகளுக்கு ஏற்ற வேறொரு மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே போனான், அது அவ்வளவு அழகாக இருந்தது. அந்த வழியில் கூடவே போகத் தெரிந்தவன் போயிருப்பான். நான் எழுதி வைத்ததை அப்படியே வாசித்தேன். ஒரு ஸ்வரமும் பிசகவில்லை, அத்தனையும் தப்பாகக் கேட்டது. பன்னிரண்டாவது பாரில் கையை எடுத்துவிட்டேன். அவன் நிறுத்தாமல், என் பக்கத்துக் கட்டைகளுக்கும் கையை நீட்டி, தனியாகவே முடித்தான்.

யாராவது சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் ரோஸம்மா என்ற ரிட்டயர்டு ரயில்வே நர்ஸ், கையில் ஹவுஸிச் சீட்டோடு, "யாருப்பா இவரு?" என்று கேட்டாள்.

"வுடுங்க ஆன்ட்டி" என்றான் டெரிக், எனக்காகப் பரிந்து பேசுகிற குரலில். "லண்டன்காரரு. நம்ம பாட்டு அவருக்கு எப்டித் தெரியும்?"

டெரிக் எழுந்து சீட்டு வாங்கப் போய்விட்டான். பெஞ்சில் அவன் விட்டுக் கொடுத்த பாதியிலேயே நான் உட்கார்ந்திருந்தேன், முழுக்கவும் காலியாக இருந்தும் நடுவில் நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை. ரோஸம்மா என்னைப் பார்த்துப் பாவம் என்பதுபோல் சிரித்தாள். எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, ஆங்கிலத்தில், உங்கள் ஊருக்கு எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டாள். நானும் ஆங்கிலத்திலேயே, வியாழக்கிழமை என்று பதில் சொன்னேன்.